மரச்செக்கு எண்ணெய்க் கடை: இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், கூகுள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சாக வருவது எப்படி?

காங்கேயம்_செக்கு கேட்டது:

வணக்கங்க. காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை. கடலை, எள்ளு, தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். கார்த்திகை சமயத்தில் தீப எண்ணெயும் போடுகிறோம். கடையில் நேரடி விற்பனை, வெளியூருக்குக் கூரியர். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் மேப் பதிவு, யூடியூப் ஷார்ட்ஸ் என்று ஐந்து இடத்தில் கடை இருக்கிறது.

இப்போதைய நிலவரம் இதுதான். இன்ஸ்டாவைத் தம்பி பார்க்கிறான், ஆங்கில எழுத்தில் தமிழ். ஃபேஸ்புக்கை அப்பா பார்க்கிறார், மேடைத் தமிழ். வாட்ஸ்அப்பில் கடையில் இருக்கும் பெண் பதில் போடுகிறார், பெரும்பாலும் "ஓகே சார்". கடலை எண்ணெய் ஒரு இடத்தில் லிட்டர் 320, இன்னொரு இடத்தில் கிலோ 350. கடைப் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருக்கிறது. கூகுளில் இரவு 9 மணி வரை, இன்ஸ்டாவில் 8 மணி வரை. டிசைனர் ஒருவர் "முதல்ல கலரும் டெம்ப்ளேட்டும் போட்டுடலாம், எல்லாம் சரியாகிடும்" என்கிறார்.

அதற்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? ஐந்து இடத்திலும் ஒரே பதிவைப் போட்டால் போதுமா? தனியாக ஆள் வைக்க வசதி இல்லை. வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கலாம்.

வாசகமேசை எழுதியது:

கலரும் டெம்ப்ளேட்டும் மூன்றாவது வேலைங்க. முதல் வேலை, என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்வது. ஐந்து இடத்திலும் ஒரே மஞ்சள் பட்டை இருந்தாலும், விலை இரண்டாக இருந்தால் பார்ப்பவர் கண்ணில் விலைதான் குத்தும்.

அந்தக் கிலோ, லிட்டர் சிக்கலையே முதலில் பிடியுங்கள். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். லிட்டர் 320 என்றால் கிலோ கணக்குக்கு 350 சொச்சம் வரும். ஆக, நீங்கள் போட்டிருக்கும் இரண்டு விலையும் சரியான விலைதான். ஆனால் அது வாங்குபவருக்குத் தெரியாது. அவருக்கு ஒரே கடை ஆளுக்கொரு விலை சொல்வதாகத்தான் படும். லிட்டர் என்று முடிவு செய்தால் எல்லா இடத்திலும் லிட்டர், பக்கத்திலேயே எடை: "1 லிட்டர் (910 கிராம்) ரூ. 320". இதே வரிசையில், இதே எழுத்தில், ஐந்து இடத்திலும்.

அடுத்தது, கடையின் ஒற்றை வரி. "தரம், தூய்மை, பாரம்பரியம்" என்று எழுதாத செக்குக்கடை தமிழ்நாட்டில் கிடையாது. எல்லோரும் சொல்வதை நீங்களும் சொன்னால் அது உங்கள் பேச்சாக நிற்காது. வரியைத் தேர்ந்தெடுக்க இரண்டே சோதனை போதும். ஒன்று, அதை ஒரு போட்டோவில் காட்ட முடிய வேண்டும். இரண்டு, பக்கத்துக் கடைக்காரர் அதே வரியை நாளைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டால் அவருக்கு வேலை அதிகமாக வேண்டும்.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்று: "ஆட்டிய தேதி எழுதாத பாட்டில் எங்களிடம் இல்லை." இதைக் காட்ட முடியும், ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் தேதி இருக்கும். பொய்யாகச் சொன்னால் அன்றைக்கே மாட்டிக்கொள்வோம் என்பதால் இதைச் சொல்ல எல்லோருக்கும் துணிவு வராது. தினமும் புதிதாகப் போடவும் விஷயம் கிடைக்கும்: இன்றைக்கு ஆட்டியது எது, எந்தத் தேதி, எத்தனை லிட்டர். இந்த வரிக்குக் கீழே இரண்டே ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். கந்தகப் புகை போடாத கொப்பரைதான் வாங்குகிறீர்கள் என்றால் அது ஒன்று. எண்ணெயை வடிகட்டி மெஷினில் அடிக்காமல் வண்டல் இறங்கும் வரை வைத்துத் தெளிய விடுகிறீர்கள் என்றால் அது இன்னொன்று. செய்யாததை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மூன்று பேர் போனிலும் அனுப்பி வையுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: கடைப் பெயர் தமிழில் ஒரு எழுத்துமுறை, ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்துமுறை. ஒற்றை வரி. இரண்டு ஆதாரம். விலைப்பட்டியல், அது எந்தத் தேதியில் மாறியது என்பதோடு. கடை நேரம், கூரியர் போகும் நாள், கூரியர் கட்டணம் யார் தலையில் என்பது. பிறகு சொற்கள். "ஆட்டுவது, வண்டல், தெளிய வைப்பது, கொப்பரை, புண்ணாக்கு" இவை உங்கள் தொழில் பேச்சு, இவற்றை அப்படியே புழங்குங்கள். "அமுதம், வரப்பிரசாதம், பாரம்பரியத்தின் மறுபிறவி" இவற்றை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பெயரில் ஒரு கவனம். இன்ஸ்டாகிராம் ஐடியில் தமிழ் எழுத்து ஏற்காது, ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் அடிக்கோடும்தான். "செக்கு" என்பதைச் சிலர் சி-எச்-இ என்று தொடங்குவார்கள், சிலர் எஸ்-இ என்று. "எண்ணெய்" அதைவிட மோசம். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப் மூன்றிலும் அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரே நாளில் மூன்றையும் மாற்றுங்கள். இன்ஸ்டாவில் ஐடிக்கு மேலே "பெயர்" என்று தனிக் கட்டம் இருக்கிறதல்லவா, அதில் தமிழ் எழுதலாம், தேடலிலும் அது வரும். அங்கே கடைப் பெயரோடு "மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்" என்று சேருங்கள்.

கூகுளில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். போர்டில் இருக்கும் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பெயரோடு ஊரையும் பொருளையும் ஒட்டவைத்தால் பதிவையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. அங்கே விவரிப்புக்கு 750 எழுத்து தருகிறார்கள், ஆதாரங்களை அதில் எழுதுங்கள். லிங்க்கும் விலைச் சலுகையும் அந்தப் பகுதியில் கூடாது.

இன்ஸ்டா பயோவுக்கு 150 எழுத்து. தமிழில் எழுதும்போது இது ஏமாற்றும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "ஆட்டிய தேதி எழுதாத பாட்டில் எங்களிடம் இல்லை" என்பது நம் கண்ணுக்கு 23 எழுத்தும் ஐந்து இடைவெளியும், ஆனால் அங்கே 43 ஆகக் கணக்காகும். மீதி 107-இல் ஊர், கூரியர் உண்டு என்பது, கடை நேரம், அவ்வளவுதான் கொள்ளும். அதனால்தான் ஒற்றை வரி ஒற்றை வரியாகவே இருக்க வேண்டும்.

லேபிள்_கண்ணாடி எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இது விருப்பம் இல்லை, சட்டம். உணவுப் பொருளுக்கு லேபிளில் எழுதக்கூடாத பல வாசகங்களை விளம்பரத்திலும் எழுதக்கூடாது. இன்ஸ்டா பதிவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். லேபிளை ஒழுங்காக அடித்துவிட்டு, ரீலில் "சுகர், கொலஸ்ட்ராலுக்கு குட்பை" என்று பேசுகிற கடைகள் ஏராளம்.

சமையல் எண்ணெய்க்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. "கொலஸ்ட்ராலை எதிர்க்கும்", "இதயத்துக்கு இதம்", "டபுள் ரீஃபைண்ட்", "நிறைவுற்ற கொழுப்பு இல்லாதது" என்ற வகை வாசகங்களைப் பொதியிலும் லேபிளிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று எழுதுவது 1954-ஆம் வருடத்து மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டத்தையும் தொடும். தவறான உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"100 சதவீதம் சுத்தம்" என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். "100 சதவீதம்" என்ற சொல்லே வேண்டாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. "இயற்கை", "அசல்", "பாரம்பரிய" போன்ற சொற்களுக்கு 2018 விளம்பர விதிகளில் நிபந்தனைகள் உண்டு. "ஆர்கானிக்" என்றால் சான்றிதழ் இருக்க வேண்டும். விவசாயி "மருந்தே அடிக்கலீங்க" என்று வாயால் சொன்னது சான்றிதழ் ஆகாது.

வாடிக்கையாளர் எழுதிய கமெண்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உங்க நல்லெண்ணெய் குடிச்சு மூட்டுவலி போயிடுச்சு" என்று ஒருவர் எழுதினால் அது அவர் கருத்து. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீங்கள் ஸ்டோரியில் போட்ட நொடியில் அது உங்கள் விளம்பரம். நன்றி சொல்லுங்கள், மறுபடி பகிராதீர்கள். அதே மாதிரி, சமையல் பேஜ் நடத்துபவர்களுக்குப் பாட்டில் இலவசமாகக் கொடுத்துப் பதிவு போட வைத்தால், பொருளை இலவசமாக வாங்கியதை அவர் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அவரிடம் உங்கள் ஒரு பக்கத்தையும் அனுப்புங்கள், அவர் இஷ்டத்துக்கு மருத்துவக் குணம் அடுக்கினால் கேள்வி உங்களிடமும் வரும்.

தேதி வாசகம் நல்ல வாசகம். ஆனால் ஆட்டிய தேதி வேறு, பாட்டிலில் அடைத்த தேதி வேறு. தெளிய வைக்கும் நாட்கள் இடையில் இருக்கின்றன. லேபிளில் சட்டப்படி போடும் தேதி எது, கழுத்துச் சீட்டில் எழுதும் தேதி எது என்று முடிவு செய்து, இரண்டையும் பெயர் சொல்லிப் போடுங்கள்: "ஆட்டியது", "அடைத்தது". வெறும் தேதியை எழுதினால் ஒரு பாட்டிலில் இரண்டு தேதி ஏன் என்ற கேள்விதான் மிஞ்சும்.

தீப எண்ணெயைப் பார்த்து நடத்துங்கள். சமையல் நல்லெண்ணெய் இருக்கும் அதே பாட்டில், அதே லேபிள் நிறம், அதே போட்டோவில் தீப எண்ணெயையும் போட்டால் யாராவது வாங்கித் தாளிப்பார்கள். பாட்டில் மூடி நிறம் மாறட்டும், "விளக்குக்கு மட்டும், சமையலுக்கு அல்ல" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும், வாட்ஸ்அப் கேட்டலாகில் தனித் தொகுப்பாக வையுங்கள். சமையல் எண்ணெய்க்கு வாங்கிய 14 இலக்க உரிம எண்ணைத் தீப எண்ணெய் படத்தில் போடாதீர்கள்.

காங்கேயம்_செக்கு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. கொப்பரை கந்தகம் போடாததுதான், அது உண்மை. ஆட்டிய தேதி இப்போது நோட்டில்தான் இருக்கிறது, பாட்டிலுக்குக் கொண்டு வந்துவிடலாம். டிசைன் வேலைக்கு எவ்வளவு தூரம் போகலாம்? இன்னொன்று, மூன்று பேர் எழுதுவதை ஒருவர் எழுதுவது போலக் கொண்டு வர முடியுமா? தம்பி ஏஐ-யில் கேப்ஷன் எழுதலாம் என்கிறான்.

அச்சும்_திரையும் எழுதியது:

டிசைனரிடம் இவற்றை மட்டும் கேளுங்கள், மற்றதற்குக் காசு வேண்டாம்.

ஒன்று, லோகோ இரண்டு வடிவத்தில். முழுப் பெயரோடு ஒன்று, வட்டத்துக்குள் அடங்கும் சின்னம் ஒன்று. இன்ஸ்டா, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாமே முகப்புப் படத்தை வட்டமாக வெட்டும். நீளமான தமிழ்ப் பெயரை அந்த வட்டத்துக்குள் திணித்தால் போனில் ஒரு எழுத்தும் தெரியாது. மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் அடுத்த முறை ஸ்டிக்கர் அடிக்கும்போது அச்சகத்தில் யாராவது கண்ணளவில் திரும்ப வரைவார்கள், அங்கேதான் லோகோ இரண்டாகும்.

இரண்டு, நிறம் இரண்டே போதும், எண்ணாக எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு அடர் பழுப்பு: ஆர்ஜிபி 92, 51, 23. எண்ணெய் மஞ்சள்: 242, 169, 0. இது திரைக்கான எண். ஸ்டிக்கருக்கு அச்சு மையின் நான்கு நிற எண் வேறு, அதையும் சேர்த்தே வாங்குங்கள். திரை மஞ்சள் அச்சில் மங்கலாகத்தான் வரும். ஒரு மாதிரி அடித்துப் பார்த்து அச்சு எண்ணைச் சரிசெய்த பிறகு ஆயிரக்கணக்கில் அடியுங்கள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம், வெயிலில் போன் பார்ப்பவருக்கு அது வெற்றிடம்.

மூன்று, தமிழ் எழுத்துரு. நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் அடித்த வாசகத்தை நகலெடுத்து இன்ஸ்டாவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வரும், தேடலிலும் சிக்காது. யூனிகோட் எழுத்துருவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சகத்துக்கும் நீங்களே கொடுங்கள். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரன் எல்லாம் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கேன்வா டிசைன் செயலியில் தமிழ் ஏற்காத ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் தட்டினால் அது தானாக வேறொரு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பதிவிலும் எழுத்து கொஞ்சம் கொஞ்சம் வேறாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

டெம்ப்ளேட் மூன்று இருந்தால் போதும்: இன்று ஆட்டியது, விலைப்பட்டியல், விடுமுறை அறிவிப்பு. பதிவு அளவு 1080-க்கு 1350. இன்ஸ்டா முகப்புக் கட்டங்கள் 2025 தொடக்கத்தில் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாறிவிட்டன. அதனால் 1350 உயரப் படத்தில் இடமும் வலமும் 34 பிக்சல் மறையும். ரீல் முகப்புப் படம் 1080-க்கு 1920 என்றால் மேலும் கீழும் 240 பிக்சல் போய்விடும். எழுத்தை நடுவில் வையுங்கள். பழைய சதுர அளவுக்குச் செய்த டெம்ப்ளேட்டையே டிசைனர் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

இதைவிட முக்கியமானது போட்டோ. ஒரே இடம், ஒரே வெளிச்சம். ஜன்னலோரம் ஒரு மேசை, காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம், பின்னால் செக்கு அல்லது வெறும் சுவர். எண்ணெய் நிறம் ஒரு போட்டோவில் வெளிறியும் இன்னொன்றில் தேன் நிறமாகவும் தெரிந்தால், பாட்டிலைக் கையில் வாங்கியவர் "படத்தில் வேற மாதிரி இருந்துச்சே" என்பார். ஃபில்டர் போடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கடலை எண்ணெய் பச்சையடிக்கும், அதையும் தவிருங்கள்.

ஆர்டர்_மேசை எழுதியது:

பதிவு போடுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எண்ணெய்க் கடைக்கு விற்பனை முடிவது வாட்ஸ்அப் இன்பாக்ஸில். அங்கே "ஓகே சார்" என்று பேசிக்கொண்டு இன்ஸ்டாவில் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை.

வாட்ஸ்அப் பிசினஸில் "விரைவுப் பதில்" 50 வரை வைக்கலாம். சாய்கோடு போட்டதும் பட்டியல் வரும். எட்டோ பத்தோ எழுதுங்கள், அதற்கு மேல் யாரும் தேட மாட்டார்கள். நேரடியாக எடுத்துக்கொள்ள மூன்று தருகிறேன், விலையும் கணக்கும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

விலை கேட்டால்: "வணக்கங்க. கடலை எண்ணெய் 1 லிட்டர் (910 கிராம்) ரூ. 320. ஆட்டிய தேதி பாட்டிலில் இருக்கும். எந்த ஊருக்கு, எத்தனை லிட்டர்னு சொல்லுங்க, கூரியர் செலவு சேர்த்துச் சொல்லிடறோம்."

"கடையில 180-க்குக் கிடைக்குதே" என்றால்: "ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு ஆகுதுங்க. பருப்பு கிலோ 120-னு வச்சா பருப்புக்கே 270-லிருந்து 300 ரூபாய் வரை வந்துடும். புண்ணாக்கு வித்து அதுல ஒரு பங்கு திரும்பும், ஆட்டற செலவும் பாட்டிலும் சேரும். அதனாலதான் 320." இதோடு நிறுத்துங்கள். மற்ற எண்ணெயைக் கெமிக்கல், விஷம் என்று திட்டி ஒரு வார்த்தை கூட வேண்டாம்.

மார்கழியில் தினமும் வரும் கேள்வி, தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது: "24 டிகிரிக்குக் கீழே போனா தேங்காய் எண்ணெய் உறையறது இயல்புங்க. வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலைப் பத்து நிமிஷம் வையுங்க. அடுப்பு மேல நேரா வைக்காதீங்க." இதையே கார்த்திகைக் கடைசியில் ஒரு பதிவாகவும் ஸ்டேட்டஸாகவும் போட்டுவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

கவனித்தீர்களா, மூன்றுமே ஒருவர் பேசுவது போல இருக்கின்றன. மூன்று பேர் எழுதுவதை ஒருவர் எழுதுவது போலக் கொண்டு வர முடியுமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான். எழுதும் நடை ஒன்றாக வர, விதி நான்கைந்து போதும். "நாங்க", "உங்க" என்று பேச்சுத் தமிழ், தமிழ் எழுத்தில். தொடக்கம் எப்போதும் "வணக்கங்க". சார், மேடம், அக்கா எதுவும் வேண்டாம், பெயரையும் முகப்புப் படத்தையும் வைத்து ஆணா பெண்ணா என்று கணிக்கப் போய் தப்பாகும். கொங்கு வழக்கில் "ங்க" இருக்கும்போது மரியாதைக்குக் குறைவே வராது. ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம். புகாருக்கு முதல் வரியில் என்ன செய்யப் போகிறோம் என்பது, இரண்டாவது வரியில் எப்போது என்பது, விளக்கம் அதற்குப் பிறகுதான்.

ஏஐ கேப்ஷன் பற்றி: எழுத வைக்கலாம், ஆனால் அந்த ஒரு பக்கத்தையும் இந்த மூன்று பதிலையும் மாதிரியாகக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். சும்மா "எண்ணெய்க்கு கேப்ஷன் எழுது" என்றால் "ஆரோக்கியத்தின் ரகசியம்" என்று லேபிள்_கண்ணாடி தடுத்த அதே வாசகங்களைத்தான் கொட்டும்.

யாரும் கவனிக்காத இடங்கள் சில உண்டு. கியூஆர் ஸ்கேன் செய்தால் பணம் பெறுபவர் பெயர் என்ன வருகிறது? தம்பி பெயரோ அப்பா பெயரோ வந்தால், வெளியூர்க்காரர் பணம் போடும் கடைசி நொடியில் நிறுத்தி "இது யாருங்க?" என்று கேட்பார். கடைப் பெயரிலேயே வணிகர் கணக்கு எடுத்துவிடுங்கள். கூரியர் பெட்டியில் அனுப்புநர் பெயர், பில்லில் இருக்கும் பெயர், போனில் ட்ரூகாலரில் வரும் பெயர், இவையும் அதே எழுத்துமுறையில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பின் வரவேற்புச் செய்தி புதிதாகப் பேசுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் திரும்பி வருபவருக்கும் தானாகப் போகும். பழைய வாடிக்கையாளரும் பார்க்கப் போகிறார் என்பதால் "எங்கள் கடைக்கு முதல்முறை வருகிறீர்களா" என்று எழுதிவிடாதீர்கள். பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் உங்கள் நம்பரைப் பதிந்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் "இந்த நம்பரை இந்தப் பெயரில் பதிந்து வையுங்க" என்று பெயரையும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் போனிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கும்.

ஐந்து இடத்திலும் ஒரே பதிவா என்று கேட்டீர்கள். போட்டுவிடலாம் என்பதுதான் என் பக்கம். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம்தான், ஆள் மூன்று பேர். மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாவுக்கும் ஒரே தடவையில் நேரம் குறித்து வைத்துவிடலாம்.

வாசகமேசை எழுதியது:

இதில் மட்டும் ஆர்டர்_மேசையோடு எனக்கு உடன்பாடு இல்லை. படம் ஒன்றாக இருக்கலாம், விலையும் வாசகமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் பதிவின் முதல் வரியும் கடைசி வரியும் இடத்துக்கு ஏற்ப மாற வேண்டும். "பயோவில் லிங்க் இருக்கு" என்ற வரி ஃபேஸ்புக்கில் போனால் அர்த்தமே இல்லை, அங்கே லிங்க்கைப் பதிவிலேயே கொடுக்கலாம். கூகுளில் பார்ப்பவர் பெரும்பாலும் வழி தேடி வருபவர், அவருக்குக் கடை திறந்திருக்கிறதா என்பதுதான் தேவை. பொங்கல், தீபாவளிக்குக் கூகுளில் "சிறப்பு நேரம்" தனியாகக் குறியுங்கள். இன்ஸ்டாவில் மட்டும் விடுமுறை அறிவித்துவிட்டுக் கூகுளை விட்டால், அவிநாசிபாளையத்திலிருந்து வண்டி எடுத்து வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் போட்டுப் போவார்.

நேரக் கணக்கு இப்படி வைத்துப் பாருங்கள். ஞாயிறு இரண்டு மணி நேரம்: மூன்று பதிவுக்குப் படமும் வாசகமும். ஆட்டும் நாட்களில் பத்துப் பத்து நிமிடம்: தேதியோடு பாட்டில் போட்டோ, ஸ்டேட்டஸும் ஸ்டோரியும். மாதத்தில் ஒரு நாள் அரை மணி: கடைக் கணக்கில் இல்லாத வேறொரு போனில் ஐந்து இடத்தையும் திறந்து பெயர், நம்பர், நேரம், விலை நான்கையும் நோட்டில் வரிசையாக எழுதிப் பார்ப்பது. சொந்த போனில் பார்த்தால் பழக்கத்தில் கண் தாண்டிவிடும்.

வாழ்த்துப் பதிவுகளைக் குறையுங்கள். எல்லா நாளுக்கும் லோகோ ஒட்டிய வாழ்த்து வேண்டியதில்லை. தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல், கார்த்திகைக்கு விளக்கு, ஆவக்காய் ஊறுகாய் போடும் கோடையில் எள் எண்ணெய், இங்கெல்லாம் உங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. அங்கே நின்று பேசுங்கள்.

காங்கேயம்_செக்கு எழுதியது:

தெளிவாகிவிட்டதுங்க. கடைசியாக ஒன்று. பழைய பதிவுகளில் பழைய விலை, "இதயத்துக்கு நல்லது" மாதிரி வாசகம் எல்லாம் கிடக்கிறது. முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

லேபிள்_கண்ணாடி எழுதியது:

மருத்துவ வாசகம் உள்ளவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். படத்தின் மேலேயே எழுதியிருந்தால் பதிவையே நீக்க வேண்டும். கேப்ஷனில் மட்டும் இருந்தால் திருத்தினால் போதும். யூடியூபில் தலைப்பையும் விவரிப்பையும் மாற்றலாம், வீடியோவில் வாயால் சொன்னதை மாற்ற முடியாது, அதை மறைத்து வையுங்கள். ஃபேஸ்புக்கில் அப்பா சொந்தக் கணக்கில் பகிர்ந்தவற்றையும் பாருங்கள்.

ஆர்டர்_மேசை எழுதியது:

மற்றவற்றை அழிக்காதீர்கள், இன்ஸ்டாவில் ஆர்க்கைவ் செய்யுங்கள். லைக்கும் கமெண்ட்டும் அப்படியே இருக்கும், வேண்டும்போது திருப்பிக் கொண்டு வரலாம். பழைய விலை ஒளிந்திருக்கும் இடம் ஹைலைட்ஸ். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போனாலும் ஹைலைட்ஸில் வைத்தது வருடக்கணக்கில் நிற்கும். "விலை" என்று ஒரே ஒரு ஹைலைட் வைத்து, விலை மாறும் நாளில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். மேலே பின் செய்ய மூன்று இடம் இருக்கிறது: விலைப்பட்டியல், ஆட்டும் வீடியோ, ஆர்டர் செய்யும் முறை.

இனிமேல் ரீலுக்குள் விலையை எழுதவோ பேசவோ வேண்டாம். கேப்ஷனைப் பிறகு திருத்தலாம், வீடியோவுக்குள் பதிந்ததைத் திருத்த முடியாது. நிலக்கடலைப் பருப்பு விலை ஏறிய பிறகும் அந்த ரீல் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். விலை மாறினால் வரிசை இது: முதலில் வாட்ஸ்அப் கேட்டலாக், அடுத்து விரைவுப் பதில், பிறகு பின் செய்த பதிவு, ஹைலைட், ஃபேஸ்புக், கடை போர்டு. கேட்டலாக்கை முதலில் வைப்பதற்குக் காரணம், ஆர்டர் அங்கிருந்துதான் வருகிறது. பழைய விலையில் ஒருவர் ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் அந்த ஆர்டரைப் பழைய விலைக்கே அனுப்பிவிட்டு, அடுத்த முறைக்கான விலையைப் பில்லின் கீழே எழுதி அனுப்புங்கள்.